குடத்தில் இல்லாத தலை

வரதனின் வலைக்குண்டை ஊர்த்தலைவர் ஆதிகேசவன் கல்லில் வைத்து உடைத்தார். ஒரே அடி. சுட்ட மண்ணின் சில்லுகள் கூட்டத்தின் காலடியில் சிதறின.

அந்தக் கல்லில் செத்தவர்களின் குண்டைத்தான் உடைப்பார்கள். வரதன் எதிரே நின்றுகொண்டிருந்தான். மூக்கு உடைந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தங்கவேலும் அவன் தம்பி மூர்த்தியும் அவனைத் தண்ணீரிலிருந்து அடித்தபடியே இழுத்து வந்திருந்தார்கள்.

"கவுத்துதான வெக்கணும் மாமா," என்றாள் வரதனின் மனைவி இருசம்மாள். "ஒடச்சிட்டீங்களே."

ஆதிகேசவன் தன் கையைப் பார்த்தார். கையில் இன்னும் கல் இருந்தது. வேட்டியில் வரதன் துப்பிய ரத்தம்.

"ஒடச்சது ஒடச்சதுதான்," என்றார்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஒல்லாந்தர் கோட்டை. இந்தப் பக்கம் குப்பம். மழைக்காலத்தில் ஏரியின் இறால் கடலை நோக்கி இறங்கும். முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில் வலை கட்டியவன் வீட்டில் சோறு இருக்கும். மற்றவன் வீட்டில் இருக்காது. ஓடைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரு காலத்தில் அதற்காக வெட்டிக்கொண்டார்கள். அதை நிறுத்தத்தான் குடம் வந்தது.

கல்யாணமான ஆண் ஒரு தலை. அவன் வலைக்குண்டு ஒன்றை மண்ணில் பிடித்து, தன் குறியைக் கீறி, சுட்டு, ஊர் முன் வைப்பான். குடத்தில் ஏற்கெனவே இருக்கும் தலைகள் எல்லாம் அதைத் தொட வேண்டும். ஒருவன் தொடாவிட்டாலும் அது உள்ளே போகாது. உள்ளே போனால் அவன் சாகும்வரை அங்கே இருக்கும்.

ஓடைகளுக்குச் சிப்பி. ஒவ்வொரு ஓடைக்கும் குறி கீறிய ஒரு சிப்பி. அவை சட்டியில் இருக்கும். பருவம் தொடங்கும் நாளில் ஊர்த்தலைவர் ஆதிகேசவன் வலது கையால் குடத்திலிருந்து ஒரு குண்டும், இடது கையால் சட்டியிலிருந்து ஒரு சிப்பியும் எடுப்பார். அந்தத் தலைக்கு அந்தத் தண்ணீர். பருவம் முடியும்வரை அது அவன் பாடு.

எடுக்கும் முன் கட்டுப்பாட்டை உரக்கச் சொல்வார்.

"கொடத்துல இருக்கிற எந்தத் தலைக்கும் தண்ணி இல்லாம போவாது. கொடத்துல இருக்கிற எந்தத் தலைக்கும் ரெண்டு தண்ணி கெடையாது. விழாத தண்ணிய கொடத்துல இருக்கிற யாரும் தொடக் கூடாது."

குண்டுகளைவிடச் சிப்பிகள் அதிகம். எல்லாத் தலைக்கும் விழுந்த பிறகு சட்டியில் சிப்பிகள் மிஞ்சும். அவற்றைக் கவிழ்த்துவைப்பார்கள். அந்த ஓடைகள் ஏரியில் இருக்கும். அந்தப் பருவத்துக்கு யாருடைய பாடும் அல்ல. இறால் அங்கே வளரும்.

இந்தப் பருவத்தில் வரதனுக்கு மணல்மேட்டு ஓடை விழுந்தது. போன புயலில் அதன் வாய் அடைத்துவிட்டது. நாய் நடந்து போகும், வயிறு நனையாது. சிப்பியைச் சட்டியிலிருந்து எடுத்துப் போட ஆதிகேசவன் மறந்திருந்தார்.

"சிப்பி இருக்குது பெரிநைனா. தண்ணி எங்க?" என்று வரதன் கேட்டான்.

கூட்டம் சிரித்தது.

"கால் கழுவிக்கோ மச்சான், அது போதும்," என்றான் தங்கவேல்.

கவிழ்ந்த சிப்பிகளில் ஒன்றை மாற்றித் தரும்படி வரதன் கேட்டான். ஆதிகேசவன் மறுத்தார். ஒருவனுக்கு மாற்றினால் நாளை எல்லாரும் கேட்பார்கள் என்றார். தான் மறந்ததைச் சொல்லவில்லை.

வரதன் மணலில் வலை கட்டிப் பார்த்தான். நண்டு வந்தது. பிறகு நண்டும் வரவில்லை. இருசம்மாள் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். பிறகு உப்பு மட்டும் இருந்தது. ஒரு விடியலில் அவன் கவிழ்ந்த ஓடை ஒன்றில் வலை கட்டினான். அது தங்கவேலின் ஓடைக்கு மேலே இருந்தது. தங்கவேலின் வலைக்கு வர வேண்டிய இறால் வரதனின் வலையில் நின்றது.

தப்புச் செய்தவனின் குண்டை ஒரு பருவம் குடத்தடியில் கவிழ்த்துவைப்பது வழக்கம். அந்தப் பருவத்தில் அவனுக்குத் தண்ணீர் இல்லை. ஆனால் அவன் தலைதான். அடுத்த பருவம் குண்டு உள்ளே போகும். ஆதிகேசவன் கவிழ்க்கத்தான் குண்டை எடுத்தார். அப்போது வரதன், "இல்லாத தண்ணிய பங்கு போடறவன் கையில கொடம்," என்று சொல்லி அவர் மேல் துப்பினான்.

அவர் கை கல்லை எடுத்துவிட்டது.

மறுநாள் வரதன் தங்கவேலின் ஓடைக்கே போனான். தங்கவேலின் வலையை அறுத்துக் கரையில் வீசினான். அந்தக் கழிகளிலேயே தன் வலையைக் கட்டினான்.

தங்கவேல் இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்தான்.

"டேய், இன்னாடா பண்றே?"

"கண்ணு தெரியலையா? வலை கட்டறேன்."

"இது என் பாடுடா."

"யார் சொன்னது?"

"கட்டு சொல்லுது."

"கட்டு யாருக்கு? கொடத்துல இருக்கிறவனுக்கு." வரதன் முடிச்சை இறுக்கினான். "எனக்கு ரெண்டு தண்ணி கெடையாதுன்னு சொல்லுதா? விழாத தண்ணிய நான் தொடக் கூடாதுன்னு சொல்லுதா? என்னைப் பத்தி அது வாயே தொறக்கல. நேத்துதான என் குண்டை ஒடச்சீங்க? செத்தவனுக்கு ஏதுடா கட்டு? ஏரி முச்சூடும் என்னுது."

தங்கவேல் கழியைப் பிடுங்கினான். வரதன் வலைக்கத்தியை இறக்கினான். தங்கவேலின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அவை எங்கே விழுந்தன என்று தெரியவில்லை. கலங்கல் சிவந்து, இறக்கத்தோடு கடலுக்குப் போனது. தங்கவேல் கையை வாயில் வைத்துக்கொண்டு கரையேறினான்.

அதற்குப் பிறகு வரதன் நினைத்த ஓடையில் கட்டினான். எதிர்த்தவனின் வலையை அறுத்தான். ஒருவனின் காதைக் கிழித்தான். ஒருவனின் படகை எரித்தான். பிடித்த இறாலைக் கோட்டை வாசலில் ஒல்லாந்தரின் சமையற்காரனிடம் கொடுத்து அரிசி வாங்கினான். வீட்டில் அரிசி இருந்தது. கதவில் ஒவ்வொரு காலையும் மனித மலம் அப்பியிருந்தது. இருசம்மாள் கழுவினாள்.

"செத்தவன் கொண்டாந்த அரிசி," என்றான் வரதன். "நல்லா வேவுதா?"

"நான் இந்தத் தாலிய இன்னா பண்றது, சொல்லு. கழட்டவா, வெச்சுக்கவா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"உன்னைக் கொல்லுவானுங்க," என்றாள்.

"கொன்னா கொன்னவன் குண்டு உனக்கு வரும். கட்டு அப்படி."

"அது தலைக்குத் தலை. நீ தலையா?"

வரதன் சாப்பிடுவதை நிறுத்தினான். அதை அவன் யோசித்திருக்கவில்லை. தன்னைக் கட்டாத ஒன்று தன்னைக் காக்கவும் காக்காது என்பது அவன் முகத்தில் மெதுவாக ஏறியது.

"புதுக் குண்டு கேட்டுப் பாரு," என்றாள் அவள். "அறுத்த வலையெல்லாம் நான் முடிச்சுக் குடுக்கறேன்னு சொல்லு. கால்ல விழு."

அவளே மண் பிசைந்தாள். அவன் குறியை அவளே கீறினாள். அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டாள்.

ஊர் கூடியது. வரதன் குண்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டு எல்லார் முன்னும் விழுந்து எழுந்தான். நெற்றியில் மணல். ஆதிகேசவன் முதலில் தொட்டார். அவருக்கு அது முடிந்தால் போதும் என்றிருந்தது. காது கிழிந்தவன் தொட்டான். படகு எரிந்தவன் நெடுநேரம் நின்று, பிறகு தொட்டான். ஒவ்வொருவராக வந்தார்கள். மூர்த்தியும் தொட்டான்.

கடைசியில் தங்கவேல். துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினான்.

"தொடலாம்தான் மாமா. வெரல் எங்க?"

சிலர் சிரித்துவிட்டார்கள்.

"இடது கையால தொடு," என்றார் ஆதிகேசவன்.

"வராது."

"தங்கவேலு."

"வராதுன்னேன்."

ஆதிகேசவன் குண்டை எடுத்து வரதனிடம் திருப்பிக் கொடுத்தார். ஒரு தலை தொடவில்லை. குண்டு உள்ளே போகாது. அவ்வளவுதான். வரதன் அதை இருசம்மாளிடம் கொடுத்தான். அவள் முந்தானையில் முடிந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன் மாமா," என்றான் தங்கவேல். "கொடத்துல இருக்கிறவன் கொடத்துல இருக்கிறவனைக் கொன்னா இன்னா தண்டம்?"

"கொன்னவன் குண்டு செத்தவன் வீட்டுக்குப் போவும். அவன் பாடு அந்த வீட்டுக்கு."

"கொடத்துல இல்லாதவனைக் கொன்னா?"

ஆதிகேசவன் குடத்தைப் பார்த்தார். அதன் வாயில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. இல்லை, அதுவும் கொலைதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அன்று தான் உடைத்தது தப்பு என்றும் சொல்ல வேண்டும்.

"கட்டு அதைப் பத்திப் பேசல," என்றார்.

வரதன் ஓடவில்லை. ஓட இடம் விடவில்லை. தங்கவேல் இடது கையால் படகுக் கழியை வீசினான். அது முழங்காலில் பட்டது. வரதன் சாய்ந்ததும் மற்றவர்கள் வந்தார்கள். சற்று முன் குண்டைத் தொட்ட கைகள். காது கிழிந்தவன் அவன் வாயில் மிதித்தான். படகு எரிந்தவன் நங்கூரக் கல்லைத் தலைக்கு மேல் தூக்கி நெஞ்சில் போட்டான். விலா உடைந்த ஓசை ஈர விறகு முறிவதுபோல் இருந்தது. வரதன் ஏதோ சொல்ல முயன்றான். பற்கள் வந்தன. மூர்த்தி அவன் தலையைக் கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டான், தங்கவேலுக்கு வசதியாக.

பெண்கள் இருசம்மாளை மணலில் அழுத்திப் பிடித்திருந்தார்கள். ஒருத்தி அவள் கண்ணை மூடினாள். இருசம்மாள் அந்தக் கையைக் கடித்தாள். விரல் நகம் அவள் வாயோடு வந்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

கோட்டையில் மதியப் பீரங்கி முழங்கியது. ஏரியிலிருந்து நாரைகள் எழுந்து, சுற்றி, மறுபடி உட்கார்ந்தன.

புதைக்கும்போது உடைக்க அவனுக்குக் குண்டு இல்லை. அது முன்பே உடைந்திருந்தது.

இருசம்மாள் கோட்டை வாசலுக்குப் போனாள். மொழிபெயர்க்கும் துபாஷி கேட்டுக்கொண்டான். உள்ளே போய்வந்தான்.

"மதிலுக்கு உள்ள நடந்தாதான் இவங்க சட்டம்," என்றான். "ஏரி உங்களுது."

அவள் ஆதிகேசவனிடம் போனாள். அவர் வாசலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"தங்கவேலு குண்டை என் வூட்டுக்குக் குடுங்க மாமா."

"எப்படிம்மா குடுக்கறது?"

"என் புருசனைக் கொன்னான்."

"கொன்னான். நான் இல்லேங்கலையே." அவர் வலையைப் பார்த்துப் பேசினார். "வரதன் தலையா இருந்தா குடுத்திருப்பேன். அவனேதான சொன்னான், செத்தவனுக்குக் கட்டு இல்லேன்னு. ஊரே கேட்டுச்சு. நான் இன்னா பண்ணுவேன்?"

"அவரு தலையில்லாம ஆனது யாரால?"

அவர் வலையில் சிக்கியிருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தார்.

மழை முடிந்தது. ஏரி நிறைந்து வடிந்தது. இருசம்மாள் கரையோரச் சேற்றில் கையால் தடவி நண்டு பிடித்துத் தின்றாள். கையெல்லாம் கடி. யாரும் அவளோடு பேசவில்லை. அவளும் யாரையும் கூப்பிடவில்லை. அடுத்த பருவம் வந்தது.

குடத்தைக் கல்லின் பக்கத்தில் வைத்தார்கள். சிவப்புத் துணியை அவிழ்த்தார்கள். சட்டியில் மணல்மேட்டுச் சிப்பி இப்போது இல்லை. வரதனைப் புதைத்த அன்றே ஆதிகேசவன் அதை எடுத்துக் கடலில் எறிந்திருந்தார். தலைகள் சுற்றி நின்றன. ஆதிகேசவன் கட்டுப்பாட்டைச் சொன்னார். கடைசிச் சொல் முடிந்தபோது இருசம்மாள் ஆண்களுக்கு நடுவே வந்து நின்றாள்.

"ஒரு கேள்வி மாமா."

"இது நேரமாம்மா?"

"நான் கொடத்துல இருக்கேனா?"

சிரிப்பு எழுந்தது.

"பொம்பளைக்கு ஏது குண்டு?" என்றான் மூர்த்தி. "வேணும்னா கட்டிக்க, என்னுதைத் தரேன்."

மறுபடி சிரிப்பு.

"வாயால சொல்லுங்க மாமா. இருக்கேனா, இல்லையா?"

"இல்லம்மா," என்றார் ஆதிகேசவன்.

"அப்ப சரி."

அவள் குடத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கல்லின் மேல் போட்டாள்.

குடம் வெடித்தது. குண்டுகள் கல்லில் மோதிச் சிதறின. அவர்கள் நகர்வதற்குள் அவள் உட்கார்ந்து, உடைக்கும் கல்லை எடுத்து, கைக்கு எட்டியதையெல்லாம் கல்லில் வைத்து அடித்தாள். தங்கவேலின் குறி அவள் கண்ணில் பட்டது. அதை மூன்றாகப் பிளந்தாள். அவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான். அவள் இழுபட்டபடியே இன்னொன்றை அடித்தாள். அவன் அவள் முகத்தில் உதைத்தான். தாடை நகர்ந்தது. அவள் கையிலிருந்து கல்லைப் பிடுங்கி அவள் தலைக்கு மேல் ஓங்கினான்.

"நில்லு," என்றான் படகு எரிந்தவன். அவன் குனிந்து சில்லுகளைக் கிளறிக்கொண்டிருந்தான். "என்னுது ஒடஞ்சிடுச்சு."

தங்கவேல் நின்றான்.

எல்லாரும் குனிந்தார்கள். மணலைக் கிளறினார்கள். கொஞ்சம் பேர் தங்கள் குண்டை முழுசாக எடுத்தார்கள். பலர் சில்லுகளை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னுது முழுசா கீது."

"என்னுதைக் காணோம்."

"பதறாதீங்க," என்றார் ஆதிகேசவன். "பொம்பளை ஒடச்சது கணக்கில்ல. புதுசா சுட்டுக்கலாம்."

"இந்தக் கல்லுல ஒடஞ்சாச்சே," என்றான் காது கிழிந்தவன். அவன் கையில் முழுக் குண்டு இருந்தது. "நீங்க ஒருத்தனுக்குக் கோவத்துல ஒடச்சது கணக்குன்னா, இது மட்டும் எப்படிக் கணக்கில்லாம போவும்?"

"சுட்டுக்கலாம்னு சொல்றேன் இல்ல? எல்லாத் தலையும் தொட்டு..."

"நான் தொட மாட்டேன்," என்றான் காது கிழிந்தவன். குண்டை மடியில் கட்டிக்கொண்டான். "கொடத்துல இருந்தவன்ல மிச்சம் நாங்கதான். நல்ல தண்ணியெல்லாம் எங்களுக்குத்தான்."

"அப்ப எங்களுக்கு?"

குண்டு உடைந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செத்தவனுக்குக் கட்டு இல்லை என்று வரதன் சொன்னது அவர்கள் எல்லாருக்கும் நினைவிருந்தது.

படகு எரிந்தவன் முதலில் ஓடினான். பிறகு எல்லாரும். முகத்துவாரத்து ஓடையைப் பிடித்தவனுக்குப் பருவம். படகுகளைத் தள்ளினார்கள். கழியால் தண்ணீரை அடித்தார்கள், பிறகு பக்கத்துப் படகை, பிறகு பக்கத்துத் தலையை. ஆதிகேசவன் கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். யாரோ தள்ளினார்கள். சட்டியின் மேல் விழுந்தார். சிப்பிகள் அவர் முதுகின் கீழ் நொறுங்கின. ஓடிய கால்கள் அவர் மேல் ஏறிப் போயின. கடைசிக் கால் போனபோது அவர் அசையவில்லை.

தங்கவேலும் மூர்த்தியும் ஒரே படகில் போனார்கள். முகத்துவாரத்து ஓடையை முதலில் தொட்டதும் அவர்கள்தான்.

"எறங்கு அண்ணா," என்றான் மூர்த்தி.

"இன்னாடா?"

மூர்த்தி மடியிலிருந்து தன் குண்டை எடுத்துக் காட்டினான். அது முழுசாக இருந்தது. "என்னுது கீது. உன்னுது போச்சு. என் பாட்டுல நீ நிக்க முடியாது. எறங்கு."

"டேய், நான் உன் அண்ணன்டா."

"அதைப் பத்திக் கட்டு பேசல."

தங்கவேல் இடது கையால் கழியை எடுத்தான். மூர்த்திக்கு இரண்டு கையும் இருந்தது. அவன் முந்திக்கொண்டான். முதல் அடியில் தங்கவேல் தண்ணீரில் விழுந்தான். படகின் விளிம்பைப் பிடித்தான். மீதி விரல்களின் மேல் மூர்த்தி அடித்தான். பிறகு கழியின் முனையை அவன் கழுத்தில் ஊன்றி, படகைத் தள்ளுவதுபோல் தள்ளினான்.

கரையில் இருசம்மாள் எழுந்தாள். முகத்தின் ஒரு பக்கம் மரத்திருந்தது. வாயிலிருந்து ரத்தம் நூலாக இறங்கியது. ஏரியில் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மணல்மேட்டு ஓடைக்கு நடந்தாள். அங்கே யாரும் இல்லை. அதற்காக யாரும் சண்டை போடவில்லை. வரதன் நட்ட கழிகள் இன்னும் நின்றன. முந்தானையை அவிழ்த்து அவன் குண்டை எடுத்தாள். எல்லாரும் தொட்டு, ஒருவன் தொடாத குண்டு. இப்போது ஏரியில் அவன் பெயரில் இருந்த ஒரே தண்ணீர் இதுதான். சிப்பிகூட இதற்கு இல்லை.

குண்டை ஓடையில் போட்டாள்.

அது முழுகவில்லை. அடி மணலில் உட்கார்ந்து, பாதி வெளியே தெரிந்தது.